வடிகால் தண்ணீரோடு போகும் கரிமப் பொருள்: அளப்பது எப்படி, குறைப்பது எப்படி

பாசனம் முடிந்து வடிகாலில் இறங்கும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். பல நேரம் அது ஆறிப்போன தேயிலைத் தண்ணீர் மாதிரி லேசான பழுப்பில் இருக்கும். அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வண்டல் படியும், மேலே தெளியும், ஆனால் அந்தப் பழுப்பு மட்டும் அப்படியே நிற்கும். அந்த நிறத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வடிகால் தண்ணீர் என்றாலே உப்பு, நைட்ரேட், பூச்சிமருந்து என்று மூன்றைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கரிமப் பொருளைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் அந்தப் பழுப்பு உங்கள் மண்ணின் மக்கு. எரு போட்டு, தழை மடக்கி, பல வருடம் சேர்த்த சரக்கு மடை வழியாக வெளியே போகிறது, போகிற இடத்தில் அடுத்தவருக்குத் தொல்லையும் கொடுக்கிறது. இதைக் குறைக்க முதலில் தொட வேண்டியது தண்ணீரின் அளவையும் நேரத்தையும்தான். வடிகட்டும் குளம், ரசாயனம் எல்லாம் அதற்கு அப்புறம். கீழே சொல்லும் படிகளின் வரிசையும் அப்படித்தான் இருக்கும்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்

வடிகாலில் வரும் கரிமப் பொருள் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று துகள்: வைக்கோல் நொறுங்கல், எருத் துணுக்கு, களிமண்ணோடு ஒட்டிய மக்கு, பாசி. இன்னொன்று கரைந்தது. இரண்டையும் பிரிக்க ஆய்வகங்கள் பெரும்பாலும் 0.45 மைக்ரான் வடிகட்டியை வைத்துக்கொள்கின்றன, அதைத் தாண்டிப் போனால் கரைந்தது, தங்கினால் துகள். இது மனிதர்கள் வைத்துக்கொண்ட எல்லைக்கோடு, இயற்கையில் அப்படி ஒரு கோடு இல்லை. ஆனால் கையில் எடுக்கும் வைத்தியம் இந்தப் பிரிவைப் பொறுத்தே மாறும், ஏனென்றால் துகளைக் குளத்தில் படிய வைக்கலாம், கரைந்ததைப் படிய வைக்க முடியாது.

தொல்லை என்ன என்றால், முதலாவது ஆக்சிஜன். 20 டிகிரி செல்சியஸில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது ஏறக்குறைய 7.5 தான். நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்னும்போது இந்த ஆக்சிஜனைத்தான் எடுக்கின்றன. 5-க்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் திணற ஆரம்பிக்கும், 2-க்குக் கீழே போனால் பெரும்பாலானவை தாங்காது. வெயில் காலத்தில் கையிருப்பே குறைவு, தின்பவையோ வேகமாகத் தின்னும், இரண்டும் ஒன்றாகச் சேரும் நேரம் அது.

இரண்டாவது குடிநீர். கரைந்த கரிமப் பொருள் உள்ள தண்ணீரில் குளோரின் போட்டால் டிரைஹாலோமீத்தேன் என்ற, உடலுக்குக் கேடு செய்யக்கூடிய வகைச் சேர்மங்கள் உருவாகும். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரின் குடிநீரில் ஜொஹானஸ் ரூக் என்ற வேதியியலாளர் இதைக் கண்டு 1974-ல் வெளியிட்டார். இன்று அமெரிக்காவில் இவற்றின் மொத்த அளவுக்கு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்று வரம்பு உண்டு. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ, சான் வாக்கீன் ஆறுகள் சேரும் டெல்டாவில் கரிமண் (பாதி மட்கிய செடிகொடி சேர்ந்து உண்டான சதுப்பு மண்) தீவுகளிலிருந்து பம்ப் செய்து வெளியேற்றும் வடிகால் தண்ணீரை இத்தனை காலமாக ஆராய்வதற்கு இதுதான் காரணம், அந்த ஆற்றுத் தண்ணீரைக் கோடிக்கணக்கானோர் குடிக்கிறார்கள். தண்ணீரில் புரோமைடும் இருந்தால் தொல்லை கூடும். உப்பு வடிகால்களில் அது இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, இது ஒரு வண்டி மாதிரி. செம்பு, பாதரசம், மண்ணோடு ஒட்டும் தன்மையுள்ள பூச்சிமருந்துகள் கரிமப் பொருளைப் பற்றிக்கொண்டு தூரம் போகும். செம்பு இப்படிப் பிடிபடும்போது மீனுக்கு அதன் நஞ்சு குறைகிறது என்பதும் உண்மை, ஆனால் அது போய்ச் சேரும் இடம் தள்ளிப்போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓடைக்கு ஓரளவு கரிமம் (கார்பன்) வேண்டும், அங்கே வாழும் பூச்சிகளுக்கு அதுதான் தீனி. பூஜ்ஜியம் நம் இலக்கு இல்லை.

படி 1: தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று வரையுங்கள்

ஒரு தாள் போதும். தண்ணீர் உள்ளே வரும் தலைமடை, வயல்கள், மேலாக வழிந்து போகும் மடைகள், நிலத்தடி வடிகுழாய் இருந்தால் அதன் வாய், எருக்குழி, மாட்டுக்கொட்டகை, பக்கத்து நிலத்துத் தண்ணீர் வந்து சேரும் இடம், கடைசியாக எல்லாம் போய் விழும் இடம். எல்லாவற்றையும் குறியுங்கள்.

இதில் மேலே வழிவதையும் மண்ணுக்குள் இறங்கி வடிவதையும் வேறு நிறத்தில் வரையுங்கள். இரண்டும் ஒரே வாய்க்காலில் சேர்ந்தாலும் இரண்டின் குணமும் வேறு. மேலே வழிவது சருகு, எரு, மேல்மண் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வரும், துகளும் இருக்கும், கரைந்ததும் இருக்கும். உள்ளே இறங்குவது அடிமண்ணைத் தாண்ட வேண்டும், அங்கே இருக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் கரைந்த கரிமத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஆழத்திலிருந்து வரும் நிலத்தடி நீரில் கரிமம் பெரும்பாலும் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்கிறது. சரி, அப்படியானால் வடிகுழாய் எப்போதும் தெளிவாக அல்லவா ஓட வேண்டும்? ஓடாது. வெடித்த களிமண்ணின் பிளவு, மண்புழுத் துளை, பழைய வேர் போன பாதை வழியாகத் தண்ணீர் அடிமண்ணைத் தொடாமலே குழாய்க்கு இறங்கிவிடும். நீர் பாய்ச்சிய சில மணி நேரத்திலேயே குழாய் பழுப்பாக ஓட ஆரம்பித்தால் இதுதான் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதை வரைபடத்திலேயே எழுதி வையுங்கள், படி 7-ல் தேவைப்படும்.

படி 2: ஓட்டத்தை அளக்காமல் மாதிரி எடுக்காதீர்கள்

ஆய்வகத்தின் எண் மட்டும் கையில் இருந்தால் பாதிக் கதைதான். எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பது மீதிப் பாதி, பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

குழாய் வாய் என்றால் பக்கெட்டும் ஸ்டாப்வாட்சும் போதும். மூன்று தடவை பிடித்து சராசரி எடுங்கள். திறந்த வாய்க்கால் என்றால் நேராக ஓடும் ஒரு 10 மீட்டர் நீளத்தில் ஒரு காய்ந்த குச்சியையோ ஆரஞ்சுப் பழத்தையோ மிதக்க விட்டு நேரம் பாருங்கள், வேகத்தை 0.85-ஆல் பெருக்குங்கள் (மேற்பரப்பு எப்போதும் சராசரியைவிட வேகமாக ஓடும்), அதை வாய்க்காலின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்குங்கள். தோராயம்தான், ஆனாலும் எதுவும் இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

நிரந்தரமாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 90 டிகிரி முக்கோண வெட்டு வைத்த தடுப்புப் பலகை ஒன்றைப் பொருத்துங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் உயரம் நிற்கிறது என்று தண்ணீர் வரும் பக்கத்தில், பலகையிலிருந்து அந்த உயரத்தைப் போல் நான்கு மடங்கு தள்ளி அளக்க வேண்டும். அந்த உயரத்தின் 2.5 அடுக்கை 1.38-ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வரும். 15 சென்டிமீட்டர் உயரம் நின்றால் வினாடிக்குச் சுமார் 12 லிட்டர். ஓர் அளவுகோலை அங்கேயே அடித்து வைத்துவிட்டால் போகிற போக்கில் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

படி 3: எப்போது எடுப்பது என்பதை முடிவு செய்யுங்கள்

மாதம் ஒரு மாதிரி, முதல் தேதி, காலை 10 மணி. இப்படி எடுத்தால் வருடம் 12 எண் கிடைக்கும், உண்மை கிடைக்காது. கரிமப் பொருள் சீராகப் போவதில்லை, திடீர் திடீரென்று போகிறது. காய்ந்து கிடந்த மண் மறுபடி நனையும்போது நுண்ணுயிர்கள் ஒரே வீச்சில் விழித்துக்கொள்ளும். பர்ச் என்ற ஆராய்ச்சியாளர் 1958-ல் இதை விவரமாக எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் இந்த விளைவை அழைக்கிறார்கள். காய்ந்ததில் செத்த நுண்ணுயிர்களின் உடற்சாறும், மண்கட்டி உடைந்து வெளிவரும் மக்கும் அந்த முதல் தண்ணீரில் கரைந்துவிடும். எனவே நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் பாய்ச்சல் மிக முக்கியம்.

நெல் வயலில் கதை இன்னும் ஒரு படி போகும். தண்ணீர் கட்டி நின்றால் சில நாளில் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து இரும்பு ஆக்சைடுகள் கரைய ஆரம்பிக்கும், அவை பிடித்து வைத்திருந்த கரிமமும் கூடவே விடுபடும். வைக்கோலை மடக்கி உழுது தண்ணீர் கட்டிய வயலில் இது இன்னும் அதிகம். அந்தத் தண்ணீரை வடிக்கும் நாள் உங்கள் நாட்காட்டியில் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு பாசனத்துக்கு நான்கு மாதிரி எடுப்பதே என் பழக்கம்: பாய்ச்சுவதற்கு முன்னால் வடிகாலில் இருக்கும் தண்ணீர், வழிய ஆரம்பித்த முதல் கால் மணி நேரம், நடுவில் ஒன்று, ஓட்டம் அடங்கும்போது ஒன்று. இதோடு தலைமடையில் உள்ளே வரும் தண்ணீரிலும் ஒன்று எடுத்தே ஆக வேண்டும், இதை விட்டால் படி 6-ல் கணக்கு நிற்காது. பருவத்தில் எல்லாப் பாசனத்துக்கும் இப்படி முடியாது, தெரியும். முதல் பாசனம், எரு போட்டதற்கு அடுத்த பாசனம், வயலை வடிக்கும் நாள், பெருமழை ஒன்று என்று நான்கு நிகழ்வுகளைப் பிடித்தால் நல்ல படம் கிடைத்துவிடும்.

ஆக்சிஜனை மட்டும் விடியற்காலையில் அளங்கள். பாசி இருக்கும் வடிகாலில் மதியம் ஆக்சிஜன் பொங்கி நிற்கும், இரவு முழுக்க அதே பாசி சுவாசித்து அதைத் தின்று தீர்க்கும். மத்தியானம் மீட்டரை விட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்தால், மறுநாள் காலை மீன் ஏன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது என்று புரியாது.

படி 4: மாதிரியைக் கெடுக்காமல் லேப் வரை கொண்டு போங்கள்

இந்த வேலையில் அதிகம் பிழை நடக்கும் இடம் இது. கரிமம் எல்லா இடத்திலும் இருக்கிறது: உங்கள் விரலில், பிளாஸ்டிக் மூடியில், மோட்டார் புகையில். முதல் முறை நான் மாதிரி எடுத்தபோது தலைமடைத் தண்ணீரில் வடிகாலைவிடக் கரிமம் அதிகம் என்று முடிவு வந்தது. தேடிப் பார்த்தால் அந்த ஒரு பாட்டில் மட்டும் ஆல்கஹாலால் துடைக்கப்பட்டிருந்தது, ஆல்கஹாலும் கரிமம்தானே. அதற்குப் பிறகு கரிம மாதிரிக்கு என்று தனிப் பாட்டில்கள், வேறு எதற்கும் அவற்றைத் தொடுவதில்லை.

பாட்டில் பழுப்புக் கண்ணாடியாக இருக்கட்டும். முடிந்தால் 450 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு வாங்குங்கள், அதில் ஒட்டியிருக்கும் கரிமம் எரிந்து போகும், பல ஆய்வகங்கள் அப்படியே தருவார்கள். மூடிக்கு உள்ளே டெஃப்லான் உறை இருக்க வேண்டும். மாதிரி எடுக்கும் தண்ணீராலேயே மூன்று தடவை அலசுங்கள் (அமிலம் ஏற்கனவே போட்டுத் தந்த பாட்டிலை மட்டும் அலசக் கூடாது). ஓட்டத்தின் நடுவில், மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே, வாய் எதிர் ஓட்டத்தைப் பார்க்கப் பிடியுங்கள். நீங்கள் கீழ்ப்பக்கம் நில்லுங்கள், உங்கள் கால் கிளறும் சேறு பாட்டிலுக்குள் வரக் கூடாது.

கரைந்த கரிமத்துக்கான பங்கை அங்கேயே அல்லது அன்றைக்கே வடிகட்ட வேண்டும். வடிகட்டித் தாளும் கரிமத்தை விடும், அதனால் முதலில் சுத்தமான நீரை அதன் வழியாக விட்டு, அப்புறம் மாதிரியிலும் கொஞ்சத்தை விட்டுக் கொட்டிவிட்டு, பிறகு சேகரியுங்கள். பிஎச் 2-க்குக் கீழே போகும்படி அமிலம் சேர்த்து, ஐஸ்பெட்டியில் 4 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் 28 நாள் வரை தாங்கும். ஆனால் பிஓடி (கரிமப் பொருளைத் தின்ன நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜனின் அளவு) சோதனைக்கும், புற ஊதா ஒளிச் சோதனைக்கும் உரிய பாட்டில்களில் அமிலம் போடவே கூடாது, அவை குளிரில் இருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் சோதிக்கப்பட வேண்டும். எனவே ஒரே இடத்தில் குறைந்தது இரண்டு பாட்டில், ஒன்று அமிலத்தோடு, ஒன்று இல்லாமல். மேலேயே எழுதி ஒட்டுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கூடவே ஒரு வெற்று மாதிரி: ஆய்வகம் தந்த சுத்தமான நீரை வயலுக்குக் கொண்டு போய், அதே வடிகட்டி, அதே பாட்டில், எல்லாம் அதே மாதிரி செய்து அனுப்புங்கள். அதில் கரிமம் வந்தால் தவறு உங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

படி 5: என்ன சோதனை கேட்பது

கரைந்த கரிமம், மொத்தக் கரிமம், 254 நானோமீட்டரில் புற ஊதா உறிஞ்சல், பிஓடி, குளோரைடு, மின்கடத்துத்திறன், சோடியம், கால்சியம், மக்னீசியம். இதற்கு மேல் முதல் வருடம் தேவையில்லை.

ஆய்வகத்திடம் ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: கனிம வடிவக் கரிமத்தை வெளியேற்றிய பிறகுதான் அளக்கிறார்களா என்று. பாசன வடிகாலில் பைகார்பனேட் நிறைய இருக்கும், அமிலம் சேர்த்து வாயு ஊதி அதை விரட்டாமல் அளந்தால் உங்கள் மண்ணின் மக்கு என்று நினைத்து சுண்ணாம்பை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். சிஓடி (ரசாயனத்தால் எரித்து ஆக்சிஜன் தேவையை அளப்பது) மலிவு என்று சிலர் அதை மட்டும் செய்வார்கள், குளோரைடு அதிகம் உள்ள தண்ணீரில் அது பொய்யாக ஏறும். உப்பு வடிகாலுக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன்.

ஆய்வகம் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறதா? ஆக்சிஜன் மீட்டர் ஒன்றும் காற்றுக்குமிழி இல்லாமல் மூடக்கூடிய இரண்டு பாட்டில்களும் வைத்து ஓரளவு பார்க்கலாம். தண்ணீரை முதலில் நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றி, இரண்டு பாட்டிலும் வழிய வழிய நிரப்புங்கள். ஒன்றில் உடனே அளங்கள், இன்னொன்றை இருட்டில் 20 டிகிரியில் 5 நாள் வைத்து அளங்கள். வித்தியாசம்தான் நுண்ணுயிர் தின்ற ஆக்சிஜன். குறைந்தது 2 மில்லிகிராம் குறைந்திருக்க வேண்டும், குறைந்தது 1 மீதமிருக்க வேண்டும், அப்போதுதான் எண்ணை நம்பலாம். முழுக்கத் தீர்ந்து போயிருந்தால் தண்ணீரை நீர்த்துச் செய்ய வேண்டும், அதற்கு ஆய்வகம்தான் சரி.

படி 6: எண்களைப் படிப்பது

முதல் வேலை, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. உள்ளே வரும் வாய்க்கால் நீரில் கரைந்த கரிமம் லிட்டருக்கு 3 மில்லிகிராம், வடிகாலில் 9 என்று வைத்துக்கொள்வோம். வயல் மூன்று மடங்காக்கிவிட்டது என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். செடி தண்ணீரைக் குடிக்கிறது, வெயில் குடிக்கிறது, கரைந்திருப்பதெல்லாம் மிஞ்சிய தண்ணீரில் செறிகிறது. எவ்வளவு செறிந்தது என்று குளோரைடு சொல்லும், ஏனென்றால் அதை மண் பெரிதாகப் பிடிப்பதும் இல்லை, நுண்ணுயிர் தின்பதும் இல்லை. உள்ளே 40, வெளியே 160 என்றால் தண்ணீர் நான்கு மடங்கு செறிந்திருக்கிறது. 3-ஐ நான்கால் பெருக்கினால் 12 வந்திருக்க வேண்டும், 9 தான் வந்திருக்கிறது. அதாவது இந்த வயல் கரிமத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, நல்ல வயல். இன்னொரு வடிகாலிலும் அதே 9, ஆனால் குளோரைடு 60 தான் என்றால் செறிவு ஒன்றரை மடங்கு, எதிர்பார்ப்பது 4.5, மீதி 4.5 அந்த வயலிலிருந்து கிளம்பியது. ஒரே 9, இரண்டு வேறு கதை. பொட்டாசியம் குளோரைடு உரம் போட்ட உடனேயோ, உவர் நிலத்தடி நீர் வடிகாலில் கலக்கும் இடத்திலோ இந்தக் கணக்கு வழுக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுமை. லிட்டருக்கு மில்லிகிராமை வினாடிக்கு லிட்டரால் பெருக்கி, 0.0864-ஆல் பெருக்குங்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று வரும். கருப்பாகத் தெரியும் சிறு கசிவு ஒன்று, 25 மில்லிகிராம், வினாடிக்கு 1 லிட்டர்: நாளுக்கு 2.2 கிலோ. தெளிவாகத் தெரியும் பெரிய வடிகால், 6 மில்லிகிராம், வினாடிக்கு 30 லிட்டர்: நாளுக்கு 15.6 கிலோ கரிமம். கரிமப் பொருளில் பாதிதான் கரிமம் என்பதால் பொருளாகப் பார்த்தால் ஏறக்குறைய 31 கிலோ. கண் கருப்பைத்தான் தேடும், வேலை செய்ய வேண்டிய இடம் பெரும்பாலும் அந்தத் தெளிவான வாய்க்கால்.

மூன்றாவது, எந்த மாதிரிக் கரிமம். புற ஊதா உறிஞ்சலை (ஒரு சென்டிமீட்டருக்கு வந்த எண்ணை) 100-ஆல் பெருக்கிக் கரைந்த கரிமத்தால் வகுங்கள். 4-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால் அது பழைய மக்கு, சிக்கலான வளையங்கள் நிறைந்தது, மெதுவாக மட்கும், குளோரினோடு நன்றாக வினைபுரியும். 2-க்குக் கீழே என்றால் பாசி, புது எரு, கழிவுநீர் மாதிரிப் புதிய சரக்கு, வேகமாக ஆக்சிஜனைத் தின்னும். உறிஞ்சல் 0.30, கரிமம் 8 என்றால் 3.75, மண்ணிலிருந்து வந்தது. உறிஞ்சல் 0.10 என்றால் 1.25, எருக்குழியையோ பாசியையோ போய்ப் பாருங்கள். இரும்பு அதிகம் உள்ள தண்ணீரில் இந்த எண் பொய்யாக ஏறும். பிஓடி இதற்குச் சாட்சி: கரிமம் நிறைய, பிஓடி சொற்பம் என்றால் பழைய மக்கு, இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் புதியது.

படி 7: வயலிலேயே நிறுத்துங்கள்

பெரிய பலன் இங்கேதான். வரிசையாகச் சொல்கிறேன், உங்கள் எண்கள் எதைக் காட்டுகின்றனவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியும் தண்ணீரைக் குறைப்பதே முதல் வைத்தியம். சால் பாசனத்தில் தண்ணீர் கடைக்கோடியை எட்டியதும் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள், இல்லை விட்டு விட்டுப் பாய்ச்சுங்கள். நிலத்தைச் சமன் செய்தால் அதிகமாக நனையும் மூலைகள் குறையும். வெளியே போகும் தண்ணீர் பாதியானால், செறிவு கொஞ்சம் ஏறினாலும், சுமை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆய்வக எண் ஏறியதைப் பார்த்துப் பயந்து பழைய முறைக்குத் திரும்பாதீர்கள், சுமையைப் பாருங்கள்.

நெல் வயலில் சேறு கலக்கிய உடனே வடிக்காதீர்கள். சேற்றுத் தண்ணீரில் துகளும் கரைந்ததும் உச்சத்தில் இருக்கும். உழவுக்கு முன்னாலேயே தண்ணீரைக் குறைவாகக் கட்டி, சேறு கலக்கியபின் தெளியும் வரை நிறுத்துங்கள், வரப்பையும் மடையையும் சற்று உயர்த்தினால் மழை வந்தாலும் வழியாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்வது இன்னும் நல்லது: வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சுவது. தண்ணீர் தானாக இறங்குகிறது, திறந்து விட வேண்டிய அவசியமே குறைகிறது. பூக்கும் நேரத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எருவைப் பாசனத்துக்கு முந்தின நாள் மேலாகத் தூவாதீர்கள். மண்ணோடு கலந்து, சில நாள் விட்டு, லேசாகப் பாய்ச்சுங்கள். மக்காத எருவைவிட நன்றாக மட்கியதில் கரைந்து ஓடும் பங்கு குறைவு.

களர் மண் என்றால் தனிக் கவனம். பிஎச் 8.5-க்கு மேலே, சோடியம் நிறைந்த மண்ணில் மக்கு அப்படியே கரைந்துவிடும், காய்ந்ததும் மேலே கருப்புப் படலமாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். சோடியம் களிமண்ணையும் மக்கையும் ஒன்றையொன்று விலக்கிப் பிரிக்கிறது, கால்சியம் இரண்டையும் பாலம் போட்டு இணைக்கிறது. இங்கே ஜிப்சம்தான் மருந்து. ஜிப்சம் போட்டபின் வடிகாலின் பழுப்பு வெளுப்பதைக் கண்ணாலேயே காணலாம். அளவை மண் பரிசோதனை சொல்லட்டும், கண் மதிப்பில் கொட்ட வேண்டாம்.

வெடித்த களிமண்ணில், படி 1-ல் குழாய் உடனே பழுப்பாக ஓடியது என்று எழுதி வைத்தீர்களே, அந்த வயலில் பெரிய பாசனத்துக்கு முன்னால் மேல்மண்ணை லேசாகக் கிளறி பிளவுகளின் வாயை மூடுங்கள், அல்லது முதலில் ஒரு சிறு பாய்ச்சல் கொடுத்து மண்ணை உப்ப விடுங்கள்.

மூடாக்கு பற்றி ஒரு கேள்வி வரும், சருகும் வைக்கோலும் தாமே கரிமத்தை விடுமே என்று. விடும். ஆனால் அவை தடுக்கும் மண் அரிப்பு அதைவிடப் பெரிது, நான் மூடாக்கின் பக்கம்தான். சால்களில் அரிப்பு கடுமையாக இருந்தால் எதிர்மின் பாலிஅக்ரிலமைடை (மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் பாலிமர்), சாலில் முன்னேறும் தண்ணீரில் மட்டும், லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் கலப்பது நன்றாக வேலை செய்கிறது. இது துகளுக்கான வைத்தியம், கரைந்ததைப் பெரிதாகத் தொடாது.

கரிமண் நிலம் என்றால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: அங்கே வடிகால் ஆழமாக இருக்கும் வரை இழப்பு நிற்காது. புளோரிடாவின் பெல் கிளேடில் 1924-ல் மேல்முனை தரையோடு தரையாக நிற்கும்படி நட்ட கான்கிரீட் கம்பம் இன்று ஓர் ஆள் உயரத்துக்கு வெளியே நிற்கிறது. அந்த மண்ணின் பெரும்பகுதி காற்றோடு சேர்ந்து கரியமில வாயுவாகப் போனது, வடிகாலில் போனது அதில் சிறு பங்கு. நீர்மட்டத்தைப் பயிர் தாங்கும் அளவுக்கு உயர்த்தி வைப்பதுதான் அங்கே செய்யக்கூடியது.

படி 8: வடிகாலில் செய்ய வேண்டியது

வயலின் கடைக்கோடியில் அடர்ந்த புல் பட்டை, அதற்குப் பிறகு தண்ணீர் தங்கிப் போகும் ஒரு சிறு படிவுக் குளம். படிந்த வண்டலை வருடம் ஒரு முறை எடுத்து வயலிலேயே போடுங்கள், அது உங்கள் மண்தான். இரண்டும் துகளைப் பிடிக்கும், பழுப்பு நிறம் அப்படியே போகும் என்பதை மறக்க வேண்டாம்.

சம்பு, நாணல் வைத்த செயற்கைச் சதுப்பு நிலத்தைப் பலர் எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்கிறார்கள். நைட்ரேட்டுக்கும் துகளுக்கும் பிஓடிக்கும் நல்லதுதான். ஆனால் மட்கும் தண்டும் இலையும் கரைந்த கரிமத்தைப் புதிதாகச் சேர்க்கும், கீழே குடிநீர் எடுக்கிறார்கள் என்றால் இது முக்கியம். மரச்சில்லு நிரப்பி நைட்ரேட்டை எடுக்கும் குழிகளும் அப்படியே, முதல் சில வாரம் அவற்றிலிருந்து கெட்டியான பழுப்புத் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரை ஓடையில் விடாமல் வயலுக்கே திருப்புங்கள்.

திருப்பிப் பாய்ச்சுவது என்றதும் சொல்ல வேண்டியது: வழிந்த தண்ணீரைக் குளத்தில் சேர்த்து மறுபடி பாய்ச்சுவது கரிமத்தை வயலுக்கே கொடுக்கும், எனக்குப் பிடித்த வழி. ஒவ்வொரு சுற்றிலும் உப்பு ஏறும் என்பதால் மின்கடத்துத்திறனைப் பார்த்துக்கொண்டே இருங்கள், பயிர் தாங்கும் அளவைத் தாண்டினால் நல்ல தண்ணீர் கலக்க வேண்டும்.

வடிகாலில் களை மண்டிக் கிடந்தால் மருந்தடித்து ஒரே நாளில் எல்லாவற்றையும் சாகடிக்காதீர்கள். அவ்வளவும் தண்ணீரிலேயே அழுகி, ஆக்சிஜனைத் துடைத்து எடுத்துவிடும். பகுதி பகுதியாக வெட்டி, வெட்டியதைக் கரைக்கு அந்தப் பக்கம், மழை வந்தால் திரும்ப வழிந்து விழாத தூரத்தில் போடுங்கள்.

படிகாரம், இரும்பு உப்பு போட்டு கரைந்த கரிமத்தைத் திரளச் செய்வது குடிநீர் நிலையங்களில் தினமும் நடப்பது. வடிகாலுக்கும் அது வேலை செய்யும், ஆனால் திரண்ட கசடை என்ன செய்வது என்ற கேள்வி உங்கள் தலையில் விழும். மற்ற எல்லாம் செய்து பார்த்த பிறகு வையுங்கள்.

படி 9: அடுத்த பருவம் அதே இடத்தில், அதே நிகழ்வில்

போன வருடம் முதல் பாசனத்தில் எடுத்தீர்கள் என்றால் இந்த வருடமும் முதல் பாசனத்தில் எடுங்கள், தேதியை வைத்து ஒப்பிடாதீர்கள். செறிவை மட்டும் வைத்தும் ஒப்பிடாதீர்கள். ஒரு பாசனத்துக்கு மொத்தம் எத்தனை கிலோ வெளியே போனது, குளோரைடு கணக்கில் வயலின் பங்கு எவ்வளவு என்று இரண்டு எண்களை நோட்டில் எழுதுங்கள். மாற்றம் ஒன்றையே ஒரு பருவத்தில் செய்யுங்கள், ஜிப்சமும் போட்டு மடையும் உயர்த்தி எருவையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முடிந்தால் ஒரு வயலைப் பழைய முறையிலேயே விட்டு வையுங்கள், மழை கூடிய வருடத்தில் எது மழையால் வந்தது, எது உங்கள் கையால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு வயல்தான் உதவும்.